வருவிக்க முடியாது

இதை வருவிக்க முடியாது என்று விடையின் முதல் வரியிலேயே எழுதியிருந்தது. சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றிய தமயந்தி அதை மறுபடியும் மாட்டினாள். மதியச் சாப்பாடு முடிந்து எல்லோருக்கும் கண் சொருகும் நேரம். விடைத்தாள் திருத்தும் முகாமுக்கென்று பல்கலைக்கழகம் ஒதுக்கிக் கொடுத்த நீளமான கூடம். மேலே மின்விசிறிகள் இருந்த வெக்கையையே எடுத்து எல்லோருக்கும் சமமாகப் பரிமாறிக்கொண்டிருந்தன, கீழே மேசைக்கு இரண்டு பேராக ஆசிரியர்கள், தாள் புரட்டும் சத்தம், யாரோ தொண்டையைச் செருமும் சத்தம், யாரோ டிபன் டப்பாவை மூடும் சத்தம். அவளுக்கு வந்திருந்தது முதுகலை இயற்பியல், குவாண்டம் இயக்கவியல், தமிழ்வழிக் கட்டு. தமிழ்வழிக் கட்டு என்றதும் நிரந்தர வேலையில் இருப்பவர்கள் நைசாக நழுவிவிடுவார்கள், கலைச்சொல் புரியாது என்பார்கள், கண்ணாடி கொண்டுவரவில்லை என்பார்கள், கடைசியில் அது அவளைப் போன்ற கௌரவ விரிவுரையாளர்களின் தலையில் வந்து விடியும். பெயரில் மட்டும் கௌரவம். வருஷா வருஷம் நேர்காணலில் போய்க் கைகட்டி நின்று இன்னொரு வருஷத்துக்கு வேலையை நீட்டித்து வாங்கிக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் இப்போது ஏன் நினைக்கிறேன் என்று தன்னையே அதட்டிக்கொண்டு கேள்வித்தாளை எடுத்துப் பார்த்தாள். அளவீட்டின்போது அலைச்சார்பு ஒரே நிலைக்கு ஒடுங்குகிறது என்பதை ஷ்ரோடிங்கர் சமன்பாட்டிலிருந்து வருவி. பத்து மதிப்பெண். காலையிலிருந்து திருத்திய தாள்களில் எல்லாப் பிள்ளைகளும் இதைக் கணக்குப் போட்டு வருவித்துத் தள்ளியிருந்தார்கள். ஒரே கைடைப் படித்த கைகள். நாலு வரிக் கணக்கு, ஐந்தாவது வரியில் 'அளக்கும்போது மற்ற உறுப்புகள் மறைந்துவிடுவதால்' என்று ஒரு போடு, ஆறாவது வரியில் விடை. கூட்டலில் இருந்த அந்த உறுப்புகள் ஏன் மறைகின்றன, எங்கே போகின்றன, எந்தச் சமன்பாடு அவற்றை மறையச் சொன்னது என்று ஒருவரும் கேட்கவில்லை. திருத்துகிறவர்களுக்குக் கொடுத்திருந்த விடைக்குறிப்பிலும் அதே ஐந்தாவது வரிதான். அவளும் காலையிலிருந்து எதையும் கேட்காமல்தான் டிக் அடித்துக்கொண்டு வந்தாள்.

இந்தப் பிள்ளை மட்டும் முடியாது என்கிறது. முடியாது என்று எழுதிவிட்டுச் சும்மா விட்டிருந்தால், தெரியாத பிள்ளை வீம்புக்கு எழுதியது என்று பூஜ்யம் போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போயிருக்கலாம். ஆனால் கீழே ஒரு பக்கம் முழுக்க, அவசரத்தில் சாய்ந்துபோன எழுத்தில், ஏன் முடியாது என்று எழுதியிருந்தது. ஓர் எலக்ட்ரான். அதன் தற்சுழற்சி மேலே அல்லது கீழே. அதை அளக்க ஒரு கருவி, கருவியில் ஒரு முள். எலக்ட்ரான் மேலே என்றால் முள் வலப்பக்கம் போகும், கீழே என்றால் இடப்பக்கம். சரி, இப்போது எலக்ட்ரான் மேலேயும் கீழேயும் சேர்ந்த நிலையில் இருந்தால்? இந்தச் சமன்பாட்டுக்குக் கூட்டத் தெரியும், தேர்ந்தெடுக்கத் தெரியாது. இரண்டையும் சேர்த்து உள்ளே போட்டால் இரண்டையும் சேர்த்தே வெளியே தரும். ஆகவே முள்ளும் வலமும் இடமும் சேர்ந்த நிலைக்குத்தான் போக வேண்டும். முள்ளைப் பார்க்கும் கண்ணையும் கணக்குக்குள் கொண்டுவந்தால் கண்ணுக்கும் அதே கதி. எவ்வளவு தூரம் போனாலும் சமன்பாடு 'இதுவும் அதுவும்' என்றே சொல்லும், 'இதுதான்' என்று ஒருபோதும் சொல்லாது. ஆனால் ஆய்வகத்தில் முள் ஒரு பக்கம்தான் நிற்கிறது. எனவே ஒடுக்கம் என்பது நாம் தனியாகச் சேர்த்துக்கொண்ட விதி, வருவித்தது அல்ல. பக்கத்தின் அடியில் இன்னும் ஒரு வரி இருந்தது. ஏன் ஒரு பக்கம் நிற்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. தமயந்திக்குக் கை மயிர் சிலிர்த்தது. ஒவ்வொரு வரியாக விரலை வைத்து மறுபடி படித்தாள், எங்கேயாவது ஒரு குறி தவறியிருக்காதா என்று, தவறியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்திருக்கும். தவறவில்லை. உலகத்துப் பெரிய தலைகளெல்லாம் வந்து முட்டிக்கொண்டு நின்ற சுவர் இது. பிள்ளை தானாக நடந்துபோய் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சுவர் இருக்கிறது என்று எழுதிவிட்டு வந்திருக்கிறது. சந்தோஷமாக இருந்தது அவளுக்கு. திருத்தும் கூடத்தில் சந்தோஷம் என்பது அவ்வளவு சுலபமாக வருகிற சாமான் அல்ல, வந்த வேகத்தில் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பயமும் வந்து உட்கார்ந்தது.

விடைக்குறிப்பின்படி இது பூஜ்யம். மற்றக் கேள்விகளின் மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்தாள், மறுபடி கூட்டினாள், பிள்ளை விளிம்பில் நின்றது, இந்தப் பத்து இல்லாவிட்டால் தேறாது. கூட்டலைத் தப்பாகப் போட்டிருப்பேனோ என்று மூன்றாவது தடவையும் கூட்டினாள், கூட்டல் பிடிவாதமாக அதையே சொன்னது. முழு மதிப்பெண் போடலாம், யார் கையைப் பிடித்துக்கொண்டார்கள்? பிடித்துக்கொள்ளத்தான் ஏற்பாடு இருந்தது. முதுகலைத் தாளை இரண்டு பேர் திருத்துவார்கள். போன வாரம் வேறொரு முகாமில் யாரோ ஒருவர் இதைத் திருத்திவிட்டார். உள்ளே ஒரு புள்ளிகூட வைக்காமல், மேலுறையின் ஓரத்திலுள்ள கட்டங்களில் மட்டும் மதிப்பெண்ணைப் போட்டு, அந்த ஓரத்தை மடித்து ஒட்டியிருப்பார். இரண்டாவதாகத் திருத்துகிற அவள் மடிப்புக்குப் பக்கத்துக் கட்டங்களில் போட வேண்டும். பிறகு சரிபார்க்கும் மேசையில் மடிப்பைப் பிரிப்பார்கள். இரண்டுக்கும் இடைவெளி அதிகமானால் தாள் மூன்றாவது ஆளிடம் போகும். மூன்றாவது ஆள் இந்த முகாமின் சேர்மன் எத்திராஜ். கூடத்தின் முன்னால் தனி மேசை போட்டு, தும்மலுக்குத் தயாராகக் கையில் கைக்குட்டையோடு உட்கார்ந்திருந்தார். இந்தக் கேள்வியை எடுத்தது யார் என்பது ரகசியம், ஆனால் 'வருவி' என்று அதட்டுகிற அந்தத் தோரணை யாருடையது என்று கூடத்துக்கே தெரியும். கெட்டவர் இல்லை. பிள்ளைங்க வயித்துல அடிக்காதீங்க, ஆனா ஆன்ஸர் கீயை விட்டு வெளிய போகாதீங்க, என்று முகாம் தொடங்கும்போதே சொல்லிவிட்டார். ஒரு தடவை மூன்றாம் மதிப்பீட்டுக்குப் போன ஒரு விடையை, திருத்தியவரை எழுப்பி நிற்கவைத்து, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி உரக்கப் படிக்கச் சொன்னார். அந்த மனிதர் படித்தார். பாதியில் குரல் உடைந்தது, யாரோ சிரித்தார்கள். அடுத்த மாதம் நடந்த பணி நீட்டிப்பு நேர்காணலில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்ததும் இதே சேர்மன்தான். அந்த மனிதர் இப்போது எங்கே இருக்கிறார் என்று தமயந்திக்குத் தெரியாது. அவர் உட்கார்ந்த நாற்காலி இதுதானோ? நாற்காலியெல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன, நாற்காலியைப் பற்றி என்ன கவலை என்று கால்களை மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

ஆணா பெண்ணா? பெயர் கிடையாது, ஆள் தெரியாமலிருக்கப் போட்ட ஒரு போலி எண்தான். 'முள்' என்கிற சொல்லை எழுதிய விதத்தில் ஒரு பெண் தெரிந்தாள், அடுத்த வரியில் அடித்துக் கிறுக்கியதில் ஒரு பையன் தெரிந்தான். ஆணும் பெண்ணும் சேர்ந்த நிலை என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கும், அப்படியெல்லாம் உதாரணம் சொல்லக் கூடாது என்று அவளே பிள்ளைகளை எத்தனையோ தடவை கண்டித்திருக்கிறாள். எனக்குத் தெரியாமல் இருப்பது வேறு, அங்கே அது தீர்மானமாகாமல் இருப்பது வேறு. அந்தப் பிள்ளை இந்நேரம் ஏதோ ஓர் ஊரில் ஆணாகவோ பெண்ணாகவோ நிச்சயமாக இருந்துகொண்டு, பஸ்ஸுக்கு நின்றுகொண்டோ, ஜவுளிக்கடையில் துணி மடித்துக்கொண்டோ இருக்கும். நான் பார்க்காததால் அதற்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் மதிப்பெண்? அது இந்தத் தாளுக்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறதா, நான் தோண்டி எடுக்க வேண்டியதுதானா? இல்லையே. காலையில் முதல் தாளாக இது வந்திருந்தால் ஒரு மாதிரி போட்டிருப்பேன், ஐம்பது பேர் வருவித்த பிறகு வருவதால் இன்னொரு மாதிரி போடத் தோன்றுகிறது. எதை முன்னால் அளக்கிறோம் எதைப் பின்னால் அளக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும் என்று பாடத்தில் வருகிறதே, அதை எலக்ட்ரானில் காட்டத்தான் கருவி வேண்டும், இங்கே ஒரு சிவப்புப் பேனா போதும். அளப்பதற்கு முன்னால் இல்லாத ஒன்று அளப்பதால் உண்டாகிறது. அப்படியானால் உண்டாக்குகிறவளுக்குப் பொறுப்பு இருக்கிறது. கண்டுபிடிக்கிறவளுக்கு அவ்வளவு இல்லை, இருந்ததைச் சொன்னேன் என்று கையை உதறிவிடலாம். மின்வாரியத்தில் வேலை பார்க்கும் கணவன் கதிரேசனிடம் ஒரு நாள் இதையெல்லாம் சொல்லப் போக, அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே, "வெளக்கு எரியுதா இல்லையா, அத மட்டும் சொல்லு" என்றான். சிலர் உலகமே இரண்டாகப் பிரிந்துவிடுகிறது என்கிறார்கள், ஓர் உலகத்தில் முள் வலப்பக்கம், இன்னொன்றில் இடப்பக்கம் என்று அவள் விளக்கியதும்தான் அவனுக்கு ஆர்வம் வந்தது. "அப்ப இன்னொரு ஒலகத்துல எனக்குப் பிரமோஷன் வந்திருக்கும்ல? அங்க இருக்கறவன்கிட்ட கொஞ்சம் கைமாத்து கேட்டுப் பாரேன்." சிரித்துவிட்டாள். இப்போதும் சிரிப்பு வந்தது, பக்கத்து மேசை ரெஜினா நிமிர்ந்து பார்க்க, இருமுகிற மாதிரி நடித்தாள். ஆனால் அந்த உலகக் கதை அவளுக்கு ஒருபோதும் ஒட்டியதில்லை. இங்கே நான் பூஜ்யம் போட்டால் எங்கேயோ ஒரு தமயந்தி பத்து போட்டிருப்பாள் என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போய்த் தூங்க முடியுமா? இந்தப் பிள்ளை இங்கேதானே எழுதியிருக்கிறது.

அவள் படித்த காலத்தில் இதே கேள்வியை எழுந்து நின்று கேட்டிருக்கிறாள். ஏன் சார் ஒரு விடை மட்டும் வருது, சமன்பாட்டுல ரெண்டும் இருக்கே என்று. சார் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "அது பரீட்சைக்கு வராதும்மா" என்றார். இப்போது வந்துவிட்டது, அதுவும் எப்படி வந்திருக்கிறது பார், தலைகீழாக. முதுகலை முடித்து முனைவர் பட்டத்துக்குப் போன இடத்தில், அளவீடு என்றால் என்ன என்பதைப் பற்றி ஆய்வு செய்ய வேண்டும் என்று சொன்னாள். நெறியாளர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஜன்னலைக் காட்டினார். தத்துவத் துறை அடுத்த கட்டடத்துல இருக்கு, என்றார். சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் அப்போது படிகம் வளர்த்தார்கள். ஊரில் கோழி வளர்ப்பது மாதிரி அந்தத் துறையில் ஆளுக்கொரு பீக்கரில் படிகம் வளர்த்தார்கள், அவளும் வளர்த்தாள். கரைசலில் நூலில் கட்டிய ஒரு விதைப் படிகத்தைத் தொங்கவிட்டு, மூடியில் ஊசியால் துளை போட்டு, யாரும் மேசையை அசைக்கக் கூடாது என்று சீட்டு எழுதி ஒட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். நன்றாகத்தான் வளர்ந்தது, தெளிவாக, கையில் வைத்தால் ஒரு பனங்கற்கண்டுக் கட்டி அளவுக்கு. பட்டம் வந்தது, கல்யாணம் வந்தது, கௌரவமும் வந்தது. அதில் வருத்தம் இல்லை என்று யாராவது கேட்டால் சொல்லுவாள். ஆனால் படிகத்துக்குக் காத்திருந்த அந்தப் பகல்களில், பீக்கருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் யோசித்ததெல்லாம் முள்ளைப் பற்றித்தான். யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் கேள்வி தன்னோடேயே முடிந்துபோயிற்று என்றுகூட நினைத்திருந்தாள். முடியவில்லை, வேறு எங்கேயோ, யார் சொல்லியும் கேட்காமல், வேறொரு தலைக்குள் முளைத்திருக்கிறது. எந்தக் கல்லூரியோ? ஆசிரியர் இல்லாத ஏதோ ஓர் அரசுக் கல்லூரியாக இருக்கும், ஆசிரியர் இருந்திருந்தால் கைடைப் படி என்று சொல்லிக் காப்பாற்றியிருப்பார். இந்தத் தாளில் தோற்றுவிட்டால் பிள்ளை என்ன நினைக்கும்? நான் எழுதியது தப்பு என்று நினைக்கும். அடுத்த தடவை கைடு வாங்கும். ஐந்தாவது வரியை மனப்பாடம் பண்ணி, எழுதி, தேறி, ஒரு நாள் ஆசிரியராகி, வேறொரு பிள்ளை எழுந்து நின்று கேட்கும்போது கடிகாரத்தைப் பார்க்கும்.

"என்ன மேடம், ஒரே தாள்ல குடித்தனம் பண்றீங்க?" என்றாள் ரெஜினா. பக்கத்து மேசைதான், உதவிபெறும் கல்லூரி ஒன்றில் நிரந்தர வேலை, ஆறு மாதத்தில் ஓய்வு, யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை என்பதால் யாருக்கும் பயப்படாமல் பேசுவாள். தமயந்தி தாளை அவள் பக்கம் நகர்த்தினாள். ரெஜினா கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பாதிப் பக்கம் படித்தாள். "அழகா எழுதியிருக்கு. கீ என்ன சொல்லுது?" "பூஜ்யம்." "அப்ப என்ன செய்யப் போறீங்க?" "அதான் தெரியல." ரெஜினா தாளைப் புரட்டி மேலுறையைப் பார்த்தாள். மடித்து ஒட்டிய ஓரத்தின் மூலையில் பசை காய்ந்து, நகம் நுழைகிற அளவுக்கு வாய் பிளந்திருந்தது. "இங்க பாருங்க, தானாவே விட்டிருக்கு. லேசாத் தூக்கிப் பார்த்துட்டுப் போடுங்க. அவரு என்ன போட்டிருக்காரோ அதுக்குப் பக்கத்துல போட்டுட்டா ஒரு வம்பும் இல்ல." சொல்லிவிட்டுத் தன் கட்டுக்குத் திரும்பிவிட்டாள், அவளுக்கு அது பஸ்ஸில் ஜன்னலைத் திறப்பது மாதிரி ஒரு விஷயம். தமயந்தி அந்த மூலையைப் பார்த்தாள். பிளவுக்குள் இருட்டு, இருட்டுக்குள் ஒரு சிவப்புக் கோடு மாதிரி ஏதோ. பூஜ்யத்தின் வளைவா, ஒன்றின் கோடா? கட்டைவிரல் தானாகவே அங்கே போனது. பார்த்தால் என்ன? பூஜ்யம் என்றால் தெரிந்துவிடும், பயந்துகொள்ளலாம். பத்து என்றால் தைரியமாக இருந்துகொள்ளலாம். ஆனால் அது தைரியமா? ஒன்றைப் பார்த்துவிட்டு இன்னொன்றை எழுதினால் அது இரண்டாவது அளவீடு இல்லை, முதலாவதின் நகல். இரண்டு பேர் திருத்துவதற்கு அர்த்தமே ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரியக் கூடாது என்பதுதான். தொலைவில் வைத்த இரண்டு கருவிகள் ஒத்துப்போகின்றன என்று பரிசோதனைக்காரர்கள் கொண்டாடுவதெல்லாம், ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ள வழியே இல்லாதபடி வைத்த பிறகுதான். இதை வகுப்பில் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிவிட்டு இங்கே வந்து மடிப்பைத் தூக்கிப் பார்ப்பதா? அதற்குள் விரல் நகம் உள்ளே அரை அங்குலம் போய்விட்டிருந்தது. சட்டென்று எடுத்தாள். ஆனால் எடுத்தும் ஆசை போகவில்லை, பல்லில் மாட்டிய நாரை நாக்கு தேடுவது மாதிரி கண் அங்கேயே போய்க்கொண்டிருந்தது. பையிலிருந்து டிபன் டப்பாவை எடுத்தாள். மூலையில் கொஞ்சம் தயிர்சோறு மிச்சம். தயிர் அதிகம் படாத ஒரு பருக்கையாகப் பொறுக்கி, விரலால் நசுக்கி, பிளவுக்குள் தடவி, மேலே உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். கல்யாணப் பத்திரிகை உறையைக்கூட யாரும் அவ்வளவு பத்திரமாக ஒட்டியிருக்க மாட்டார்கள். ரெஜினா ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு உங்க கூத்து," என்றாள்.

ஐந்து போடலாம் என்று அப்போதுதான் தோன்றியது. எவ்வளவு எளிது! முதலாமவர் பூஜ்யம் போட்டிருந்தாலும் பத்து போட்டிருந்தாலும் ஐந்து என்றால் இடைவெளி அதிகமாகாது, தாள் சேர்மனிடம் போகாது, யாரும் யாரையும் எழுப்பி நிற்கவைக்க மாட்டார்கள். பிள்ளை தேறுவதும் தேறாததும் முதலாமவர் பாடு. பேனா மூடியைக் கழற்றிவிட்டாள். ஐந்தின் தலைக்கோட்டைப் போடக் கை போனது. சராசரி. மேலேயும் கீழேயும் சரிபாதி சேர்ந்த ஆயிரம் எலக்ட்ரான்களை அளந்து சராசரி எடுத்தால் நடுவில்தான் வரும், ஆனால் அந்த ஆயிரத்தில் ஒரு தடவைகூட முள் நடுவில் நின்றிருக்காது. நடுவில் நிற்கிற விடை என்று ஒன்று அந்தக் கருவியிலேயே கிடையாது. பிள்ளை எழுதியதும் அப்படித்தான், வருவிக்க முடியும் என்றால் இது பூஜ்யம், முடியாது என்றால் இது பத்து, பாதி முடியாது என்று எதுவும் இல்லை. ஐந்து என்பது இந்த விடையின் மதிப்பெண் அல்ல, என் பயத்தின் மதிப்பெண். அதையாவது சரியாக அளந்தேன் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியே கையை நிறுத்திவைத்தபடி எங்கோ பார்த்தாள். முன்வரிசையில் சேர்மன் தும்மினார், இன்னொரு தடவை தும்மினார், மூன்றாவதற்காகக் கூடமே காத்திருந்தது, அது வரவில்லை. கல்லூரியில் ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பில் அவள் செய்துகாட்டும் ஒரு வேலை இருந்தது. வெளிச்சத்தை ஒரு திசையில் மட்டும் விடுகிற போலராய்டு தகடுகள் இரண்டு. ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்தால் முழு இருட்டு. மூன்றாவது தகடு ஒன்றை எடுத்து, இதை நடுவில் வைத்தால் இருட்டு கூடுமா குறையுமா என்று கேட்பாள். பிள்ளைகள் எல்லாம் கூடும் மேடம் என்று கத்தும். சாய்வாக நடுவில் நுழைப்பாள். வெளிச்சம் வரும். தடையைச் சேர்த்ததால் வந்த வெளிச்சம். எத்தனை வருஷம் செய்தாலும் அந்த நொடியில் வகுப்பு அடங்கிப்போகும், அவளுக்கும் ஒவ்வொரு தடவையும் புதிதாகவே இருக்கும். போகட்டுமே மூன்றாவது ஆளிடம். படிக்கச் சொல்லட்டும். உரக்கப் படிக்க வேண்டும் என்றால் படித்துவிடலாம், இதைப் படித்தால் குரல் உடையாது, எலக்ட்ரான், கருவி, முள், இதில் வெட்கப்பட ஒரு சொல் இல்லை. கூடத்தில் இருக்கிற அத்தனை பேர் காதிலும் விழும். தும்மலுக்கு நடுவில் அவர் காதிலும் விழும். வேலை போனால்? போகலாம். போகாமலும் இருக்கலாம். அந்தப் பயத்தோடேயே, கட்டத்தை நிறைக்கிற மாதிரிப் பெரிதாக, பத்து என்று எழுதினாள்.

எழுதியதும் கூடம் முன்பு இருந்ததுபோலவே இருந்தது. மின்விசிறி சுற்றியது. டீயும் வாழைக்காய் பஜ்ஜியும் வந்தன, ரெஜினா இரண்டு பஜ்ஜியை எண்ணெய் போகக் கேள்வித்தாளில் ஒற்றி எடுத்து ஒன்றை இவளிடம் நீட்டினாள். தமயந்தி அதைத் தின்றாளா இல்லையா என்று கேட்டால் அவளுக்கே தெரிந்திருக்காது. மீதித் தாள்களையும் முடித்தாள், அவற்றிலும் பிள்ளைகள் ஐந்தாவது வரியில் உறுப்புகளை மறைய வைத்துக்கொண்டே இருந்தார்கள், பாவம் அவர்கள் என்ன செய்வார்கள், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கட்டைக் கட்டி எடுத்துக்கொண்டு சரிபார்க்கும் மேசைக்குப் போனாள். தேர்வுப் பிரிவு வைரக்கண்ணு ஸ்கேலை வைத்து ஒவ்வொரு மடிப்பாகக் கிழித்துப் பிரித்து, இரண்டு கட்டங்களையும் பார்த்து, வாயாலேயே ஒத்துப்போச்சு, ஒத்துப்போச்சு என்று சொல்லிக்கொண்டு தள்ளினார். அந்தத் தாள் வந்தது. ஸ்கேல் நுழையவில்லை. "யாரு மேடம் இத இப்படி ஒட்டினது, ரேஷன் கார்டு மாதிரி?" அவர் ஓரத்தைத் தேய்த்துத் தேய்த்துப் பிரித்தார், சோற்றுப் பருக்கையோடு சேர்ந்து கொஞ்சம் காகிதமும் உரிந்தது. "ம். ஒத்துப்போச்சு," என்றார். பிறகு நெற்றியைச் சுருக்கி, "ஒரு நிமிஷம் மேடம், மொதல்ல திருத்தினவரு அடிச்சு எழுதியிருக்காரு," என்று தாளை வெளிச்சத்தில் பிடித்தார். அந்தக் கேள்விக்கான கட்டத்தில் முதலில் பூஜ்யம் இருந்தது. அதன்மேல் குறுக்காக ஒரு கோடு. பக்கத்தில் விதிப்படி ஒரு சுருக்கொப்பம், யாருடையது என்று படிக்க முடியாத கிறுக்கல். அதற்கும் பக்கத்தில், பேனாவை அழுத்தி, பத்து. "மார்க்க மாத்தினா கீழ காரணம் எழுதணும்னு ரூல் இருக்கு," என்றபடி வைரக்கண்ணு விரலைக் கீழே ஓட்டினார். காரணத்துக்கென்று இருந்த சின்னக் கட்டத்தில் எழுத்து அடங்காமல் வெளியே வழிந்திருந்தது. விடை சரி. கேள்விதான் தவறு. தமயந்திக்குக் கண் கலங்கிவிட்டது. யாரோ ஒருவர், வேறொரு ஊரில், வேறொரு மின்விசிறியின் கீழே, இதே தாளை முன்னால் வைத்துக்கொண்டு பயந்திருக்கிறார். பூஜ்யம் போட்டிருக்கிறார். போட்டுவிட்டு, அடுத்த தாளை எடுக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறார். அவரை அவளுக்குத் தெரியாது, இனிமேலும் தெரியப்போவதில்லை. "இத சேர்மன் பார்த்தாகணும் மேடம், கேள்வி தப்புன்னு எழுதியிருக்கறதால. உங்களுக்கும் சம்மதம்னா அதுக்குக் கீழ ஒரு சுருக்கொப்பம் போடுங்க, இல்லன்னா வேணாம், அவரு பேர்லயே போகட்டும்," என்றார் வைரக்கண்ணு. முன்மேசையில் சேர்மன் கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தார். தமயந்தி பேனாவைத் திறந்து, அந்தக் கிறுக்கலுக்கு நேர் கீழே, தன் பெயரை முழுசாக எழுதினாள்.